இன்னும் கொஞ்சம் கூட்டி வை

ஈரத்துணியைப் பிழிந்து இரண்டு செம்புக் குழாய்களிலும் சுற்றி, ஞானசவுந்தரி அம்மாவின் உள்ளங்கைகளில் ஒவ்வொன்றாக வைத்து விரல்களை மடக்கிவிட்டபோது, இந்தக் கைகள் இன்றைக்கு ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கின்றன என்று செண்பகவல்லி நினைத்தாள். போன வாரம்கூடக் குழாயை வாங்கும்போது அவளுடைய விரலையும் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தின கைகள், இன்று மடக்கிவிட்ட இடத்தில் மடங்கி அப்படியே இருந்தன. வெயிலாக இருக்கும். மாசி முடியும் முன்பே இந்த ஊரில் தார் உருக ஆரம்பித்துவிடுகிறது, கீழே செருப்புக் கடைக்காரர் வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிக்கிறார், தெளித்த கையோடு காய்ந்துவிடுகிறது, பாவம் இந்த அம்மா அந்த வெயிலில் கடலைக்காரத் தெருவிலிருந்து நடந்து, மாடிப்படி ஏறி வந்திருக்கிறார், அதுதான். அவள் பொத்தானை அழுத்தினாள். சாம்பல் நிறப் பெட்டியின் முகத்தில் பச்சை எண்கள் ஓடி, அவள் திருகிய இடத்தில் வந்து நின்றன. சர்க்கரைக்கு உண்டான எண். மூட்டுக்கு ஒன்று, மூச்சிரைப்புக்கு ஒன்று, தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று, எல்லாம் சுவரில் ஒட்டிய அட்டவணையில் இருக்கிறது, ஆனால் அவள் அதைப் பார்ப்பதில்லை, பார்க்காமலே கை போய்த் திருகிவிடுகிறது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அதிர்வு உண்டு, அதே அதிர்வை வெளியிலிருந்து கொடுத்தால் நோய் கலைந்துவிடும் என்று முதலாளி நயினார் சார் வேலைக்குச் சேர்த்த அன்று சொன்னார். அவர் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய் மூன்று பெட்டிகள் வாங்கிவந்து மூன்று ஊர்களில் வைத்திருக்கிறார், அவர் இருப்பது திருநெல்வேலியில். கோவில்பட்டிப் பெட்டிக்கு அவள். "எறும்பு ஊருற மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டாள். அப்படி இருந்தால் மின்சாரம் போகிறது என்று அர்த்தம். "லேசா இருக்கு. இன்னும் கொஞ்சம் கூட்டி வை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். இதையும் எப்போதும் கண்ணைத் திறந்து சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

கூட்டி வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் வரும், முதல் மாதம் அது இரவிலும் காதுக்குள் கேட்டது, இப்போது நின்றால்தான் தெரிகிறது. இனி ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்கு எண்ணை வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விடுவாள், இந்த அம்மாவுக்கு மட்டும் உட்காருவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், காதில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்த காலத்துக் கதைகள் அவரிடம் தீராது. சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டி, சாவுச் செய்தி, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளின் அதட்டல். "நான் கேக்கவே மாட்டேன்ட்டி, காதுல விழுந்துரும்" என்பார். செண்பகவல்லி சிரிப்பாள். வாரத்தில் அவள் சிரிப்பது பெரும்பாலும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சிகிச்சை மையம் கிடையாது. அன்றைக்கு முழுக்கத் தன் வீட்டின் ஒற்றை அறையில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும், இருமிச் சரிசெய்துகொள்வாள், ஜலதோஷமா என்று கேட்பார்கள், ஆமாம் என்பாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்த அறையில் சத்தம் இருந்தது, அதட்டலாவது இருந்தது. அவர் போன பிறகு தம்பி மதுரையிலிருந்து தீபாவளிக்குப் பேசுகிறான், பொங்கலுக்குப் பேசுகிறான், என்னக்கா நல்லாருக்கியா, நல்லாருக்கேன், அவ்வளவுதான், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. நாற்பத்து நான்கு வயது. பகல் முழுக்க மற்றவர்களுடைய கைகளைப் பிடித்து விரித்து மடக்கி வைக்கிறாள், அவளுடைய கையை யாராவது பிடித்து எவ்வளவு நாள் ஆகிறது. இல்லை, பிடிக்கிறார்கள், இந்த அம்மா பிடிப்பார், குழாயோடு சேர்த்து. ஒரு தடவை எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவளே இந்த நாற்காலியில் உட்கார்ந்து மனக்கவலைக்கு உண்டான எண்ணை வைத்துப் பார்த்தாள். விரல் நுனியில் குறுகுறு என்றது. அதோடு சரி.

ஏதோ பழ வாசனை. கொய்யா நன்றாகக் கனிந்து, இன்றோ நாளையோ அழுகிவிடும் என்கிற நேரத்தில் வருமே, அந்த மாதிரி. யாராவது பையில் வைத்துவிட்டு மறந்து போனார்களா என்று நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இல்லை. நிமிர்ந்தபோது வாசனை கிட்டத்தில் வந்தது. அந்த அம்மாவின் மூச்சிலிருந்துதான் வந்தது. "என்னம்மா, வரும்போது பழம் சாப்பிட்டீங்களா?" "எங்க ட்டி சாப்பிட. காலைல ரெண்டு இட்லி தின்னேன், அதுவும் வாந்தியா வந்துட்டு. தண்ணிதான் குடம் குடமாக் குடிக்கேன். கொஞ்சம் தா." செண்பகவல்லி தம்ளரை வாயருகில் வைத்தாள், கையில் குழாய் இருப்பதால் ஊட்டித்தான் ஆக வேண்டும். மடக் மடக்கென்று முழுவதும் போனது. இன்னொன்று என்றார். அதுவும் போனது. கழுத்து எலும்பு இவ்வளவு துருத்திக்கொண்டா இருந்தது. போன தடவை பார்த்தபோது, இல்லை அன்றைக்குப் புடவையை இழுத்துப் போர்த்தியிருந்தார். அவர் கண்ணைத் திறந்து, ஏதோ பரிசு கொண்டுவந்தவர் மாதிரி, லேசாகச் சிரித்தார். "செவ்வாக்கிழமயும் நேத்தும் வர முடியல. உங்கிட்ட சொல்லணும்னுதான் இன்னைக்கு முடியாட்டாலும் வந்தேன். அந்த இன்சுலின் ஊசிய விட்டுட்டேன்." "என்னது?" "போன ஞாயிறு கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்லா, அன்னையிலிருந்து போடல. ஃப்ரிட்ஜில கிடந்ததயும் தூக்கிக் குப்பைல போட்டுட்டேன். பத்து வருசமா வயித்துல குத்திக் குத்தி, போதும்ப்பா. அதான் நீ இருக்கியே. உன் கைராசி."

உன் கைராசி. இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்த வார்த்தை உள்ளே போய் இதமாக உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள், அதற்குப் பிறகுதான் மற்றது உள்ளே வந்தது. ஊசியை விட்டுவிட்டார். பத்து வருடமாகப் போட்ட ஊசி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. இன்று சனி. யார் விடச் சொன்னது? நான் சொல்லவில்லை. நான் சொன்னேனா? மருந்தை நிறுத்து என்று நயினார் சாரே சொல்லச் சொன்னதில்லை, அதில் அவர் கெட்டிக்காரர். நான் என்ன சொன்னேன். போன வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, இனி எனக்கு எப்படி இருக்கும் செண்பகம் என்று கேட்டார், நான் தோளைத் தட்டி, உங்களுக்கு இனி ஒண்ணும் வராதும்மா, முகமே தெளிஞ்சு போச்சே என்றேன். அவ்வளவுதானே சொன்னேன். முகம் தெளிந்துதான் இருந்தது. ஒரு பிரியத்தில் சொன்னது, பஸ் ஏறுகிறவர்களிடம் பத்திரமாகப் போய்ச் சேருவீர்கள் என்று சொல்கிற மாதிரி. அதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை முழுக்க யோசித்து, ஞாயிறு ஜெபத்தில் முடிவு பண்ணி, குப்பையில் போட்டிருக்கிறார். ஒன்றும் வராது. ஒன்றும் வராது என்று சொல்ல நான் யார். தாகம், அசதி, வாந்தி. வருகிறவர்களிடம் சொல்லச் சொல்லி நயினார் சார் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்தது, தாகம் எடுத்தால் நல்லது, அசதியாக இருந்தால் நல்லது, வாந்தி வந்தால் ரொம்ப நல்லது, உடம்பு கழிவை வெளியே தள்ளுகிறது. அவளும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், தலையாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படியானால் எது கெட்டது? கெட்டது என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

"இந்தா வந்துட்டேம்மா" என்று முன்னறைக்கு வந்து போனை எடுத்தாள். விரல் ஈரமாக இருந்ததால் திரை கேட்கவில்லை, புடவையில் துடைத்துக்கொண்டாள். நயினார் சார் கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "சார், ஞானசவுந்தரி அம்மா இன்சுலின நிறுத்திட்டாங்களாம்." "நாம நிறுத்தச் சொன்னோமா?" "இல்ல சார்." "அப்புறம் என்ன? அவங்களா செஞ்சது. நல்ல விசயந்தானே." "ஆளே சரியில்ல சார். மூச்சு வாங்குது. வாந்தி வேற." "அது ரியாக்‌ஷன்மா. உள்ள கிடக்கது வெளிய வருது. செஷன முடிச்சுப் பக்குவமா வீட்டுக்கு அனுப்பு. ஆஸ்பத்திரி அது இதுன்னு வாய விட்ராத, அப்புறம் நாலு பேருகிட்ட சொல்லி நாற அடிச்சிருவாங்க. கேக்கியா?" கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி சார்" என்றது அவள் வாய். வாய் எப்போதும் சரி சார் என்றுதான் சொல்லும்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டில் யார்? மகன் ஆஸ்திரேலியாவில், பேரன் தாத்தா பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல மாட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டின் கதவை அவள் பார்த்திருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொடுக்கக் கூப்பிட்டபோது போனாள். நீலக் கதவு, உள்ளே ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் குஷன் அமுங்கியிருந்தது. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் நாளைக்கு யார் தட்டுவார்கள். நாளைக்கு ஞாயிறு. கோயிலில் காணோமே என்று யாராவது நினைப்பார்கள், வெயிலால் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, நான் பயந்துகொள்கிறேன், எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். ஒருவேளை சார் சொல்வது சரியாகவே இருக்கலாம். முழங்கால் வலி என்று வந்த இளம்புவனத்துப் பெரியவர் நடந்து போகவில்லையா. போனார். ஆனால் அவர் வந்து உட்கார்ந்ததும் பாதி வலியைப் பேச்சிலேயே இறக்கிவைத்துவிடுவார், அவருடைய மருமகள் பேச மாட்டாளாம், என்னிடம் பேசினார். அதெல்லாம் பெட்டி செய்ததா. இந்த எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்துபோய்த் துணியை அலச ஆரம்பித்துவிடுவது அவள் வழக்கம். இப்போது அலச ஒன்றும் இல்லை. பச்சை எண் அசையாமல் நின்றது. இந்த அம்மாவின் மூச்சு மட்டும் ஆழமாக, வேக வேகமாக, ஓடி வந்தவர் மாதிரி, உட்கார்ந்த இடத்தில். பெட்டிக்குள் ஓடுவதற்கும் இந்த மூச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது அவளுக்குத் தெரியும். எப்போது தெரிந்தது? இன்றைக்கு இல்லை. மனக்கவலைக்கு எண் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்த அன்றைக்கே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இந்த நாற்காலி காலியாகிவிடும், செவ்வாயும் வெள்ளியும் மற்றக் கிழமைகள் மாதிரி ஆகிவிடும், ஏட்டி என்று கூப்பிட ஆள் இருக்காது. இதையா நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது. "செண்பகம்," என்றார் அவர், குழறலாக, "இன்னும் கொஞ்சம் கூட்டி வை. ஒண்ணுமே தெரியல."

அவள் பொத்தானை அணைத்தாள். ரீங்காரம் நின்ற அமைதியில் மூச்சின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" "முடியலம்மா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்." "எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன். நீதானே சொன்ன, வாந்தி வந்தா நல்லதுன்னு." "நான் சொன்னது தப்பும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. எந்திரிங்க." அவர் எழுந்திருக்கவில்லை. நம்பாமல் பார்த்தார், கோபம்கூட அந்தக் கண்ணில் மெதுவாகத்தான் வந்தது. "ஊசி போட மாட்டேன்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. குழாய்களைக் கையிலிருந்து பிரித்து எடுத்தபோது விரல்கள் சில்லென்று இருந்தன. செண்பகவல்லி அவருடைய கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு தூக்கினாள். எடையே இல்லை. படியில் பாதிவரை எப்படியோ இறக்கிவிட்டாள், அதற்கு மேல் அவர் கால் பின்னியது, அவள் கத்தினாள், தனக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அவளுக்கே தெரியாது, செருப்புக் கடைக்காரர் ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார். ஆட்டோவில் அந்தத் தலை அவள் தோளில் சாய்ந்தது. ஆட்டோக்காரர் இளையரசனேந்தல் ரோட்டு முக்கில் லாரிக்காக நின்றபோது, போங்கண்ணே போங்கண்ணே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொய்யா வாசனை. வெயில். அம்மா, கண்ண முழிங்க, எக்ஸ்சேஞ்சில அந்த நாடார் வந்து சண்டை போட்டாரே, அந்தக் கதையச் சொல்லுங்க. சொல்லவில்லை. ம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த ம்-மும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திக் கருவியில் வைத்துப் பார்த்தாள். எண்ணே வரவில்லை, அளக்க முடியாத அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது. "கூட வந்தது யாரு?" என்று கத்தினாள். "சுகருக்கு என்ன எடுக்காங்க? எப்ப நிறுத்தினாங்க?" சொன்னாள். "எதுக்கு நிறுத்தினாங்க?" சுற்றி ஆட்கள் நின்றார்கள், கால் கட்டோடு ஒருவர், குழந்தையோடு ஒரு பெண். தெரியலைங்க என்று சொல்லலாம். பக்கத்து வீடு என்று சொல்லலாம். "ஒரு மெஷின் வைத்தியம் பாக்க வந்தாங்க. கரண்ட் மாதிரி, கைல பிடிக்கது. நான்தான் அந்த மெஷின ஓட்டுதவ." டாக்டர் நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள், சின்ன வயதுப் பெண், திட்டப்போகிறாள் என்று செண்பகவல்லி காத்திருந்தாள், திட்டவில்லை, அதற்கு அவளுக்கு நேரமில்லை. திரையை இழுத்து மூடினார்கள். போன் அடித்தது, நயினார் சார், எடுக்கவில்லை, மறுபடி அடித்தது, அணைத்துப் பைக்குள் போட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். திரைக்கு அடியில் கால்கள் போவதும் வருவதும் தெரிந்தன. அந்த அம்மாவின் பாதத்தை அவள் பார்த்தாள், ஒரு செருப்புதான் இருந்தது, இன்னொன்று படியிலோ ஆட்டோவிலோ விழுந்திருக்கும், போய்த் தேட வேண்டும், யாராவது எடுத்திருந்தால், ஏன் இப்போது செருப்பைப் பற்றி. ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தாள். அவர்களுடைய சாமியிடமா, தன்னுடைய சாமியிடமா என்று தெரியாமல் வெறுமனே கையைக் கோத்துக்கொண்டாள். வெளியே வெயில் இறங்கியபோதுதான் அந்த டாக்டர்ப் பெண் வந்து, "இனி பயமில்ல, ராத்திரி வீட்டோட விட்டிருந்தா கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை. பசித்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ஞானசவுந்தரி அம்மா முழித்திருந்தார். பாட்டிலிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஈரம் திரும்பியிருந்தது. செண்பகவல்லி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "அந்த டாக்டர் பிள்ள சொல்லிச்சு. அந்தப் பெட்டி ஒண்ணும் செய்யாதாமே" என்றார். "ஆமாம்மா." "உனக்குத் தெரியுமா?" இல்லை என்றும் சொல்லலாம், அரைகுறையாகத் தெரியும் என்றும் சொல்லலாம், நான் படித்தவளா என்ன என்று கேட்கலாம், எல்லாமே உண்மை மாதிரிதான் இருக்கும். "தெரியும்" என்றாள். "அப்ப ஏன் ட்டி எங்கிட்ட சொல்லல?" செண்பகவல்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். தினமும் ஈரத்துணியில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்துத் தடித்திருந்தன. சம்பளம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அது இல்லை. "சொன்னா நீங்க வர மாட்டீங்களேம்மா."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ஞானசவுந்தரி அம்மா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு நேரம் யாரும் அவளைப் பார்த்ததில்லை. "சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்" என்றார். பிறகு, "உன்னப் பாக்கத்தானே வந்தேன். இனிமே எப்படிட்டி வர?" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். செண்பகவல்லி எழுந்து போகவில்லை. போ என்று அவர் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாட்டில் தீரப்போகும்போது வந்து சொல்லச் சொல்லியிருந்தாள் நர்ஸ். அது முக்கால்வாசி இருந்தது. ஒவ்வொரு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.